கிரீன் கார்ட் லொத்தர்: பதிவு செய்வதிலிருந்து முதல் வருடம் வரை

ஒக்டோபர் வந்தால் நம்மூர் இணையக் கடைகளின் கண்ணாடிக் கதவில் ‘கிரீன் கார்ட் விண்ணப்பம் நிரப்பித் தரப்படும்’ என்று ஒரு தாள் ஒட்டுவார்கள். சனம் வரிசையில் நின்று படம் எடுத்து, காசு கொடுத்து, பிறகு எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்த வருடம் மே மாதம் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தாலும், உறுதிப்படுத்தல் இலக்கம் கடைக்காரரிடம் இருப்பதால் அவருக்கே அது தெரியாமல் போகலாம். இந்தக் கட்டுரை அப்படி நடக்காமல் இருக்க. இலங்கையில் பிறந்த தமிழர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் பொருந்தும் இடங்களையும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2025 டிசெம்பரில் அமெரிக்க அரசு இந்தத் திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதற்கு முன்பே, வழக்கமாக ஒக்டோபரில் திறக்கும் பதிவு அந்த வருடம் திறக்கவில்லை. ஆகவே இதை வாசித்துவிட்டு யாருக்கும் காசு கட்டப் போகாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு திறந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முகவரி ஜிஓவி என்ற மூன்று எழுத்தில் முடியாத எந்தத் தளமும் அரசின் தளம் இல்லை. பதிவு மூடியிருக்கும் காலத்திலும் கீழே சொல்லும் ஆவண வேலைகளைச் செய்து வைக்கலாம். அதில் நட்டம் எதுவும் இல்லை.

இது என்ன, யாருக்கு?

கிரீன் கார்ட் என்பது அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ்ந்து வேலை செய்ய அனுமதிக்கும் அட்டை. அதற்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்யும் இந்த லொத்தரின் முழுப் பெயர் டைவர்சிட்டி விசா. 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் பிறந்து, 1995-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவுக்குக் குறைவாக ஆட்கள் போகும் நாடுகளுக்கு என்று வருடத்துக்கு 55,000 விசாக்கள் ஒதுக்கினார்கள். பிறகு வேறு சட்டங்களால் அதில் சில ஆயிரம் குறைந்துவிட்டது. உலகத்தை ஆறு பிராந்தியங்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு வீதத்துக்கு மேல் போகாது.

கடந்த ஐந்து வருடத்தில் குடும்ப, வேலை விசாக்கள் வழியாக 50,000-க்கு மேற்பட்டோரை அனுப்பிய நாடுகள் பட்டியலில் இருந்து விலக்கப்படும். இந்தியா அதனால்தான் இல்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தொடர்ந்து இருந்து வந்திருக்கின்றன. வருடா வருடம் வெளியிடும் அறிவுறுத்தலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் தவறவிடும் விசயம் ஒன்று உண்டு. கணக்கில் எடுப்பது நீங்கள் பிறந்த நாட்டை. குடியுரிமையைப் பார்ப்பதில்லை. நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்து, 1964-ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின் கீழ் நீலகிரிக்குப் போய் இந்தியப் பிரசையாகிவிட்ட ஒருவர் இலங்கைக் கணக்கில்தான் வருவார். தமிழ்நாட்டு அகதி முகாமில் வாழ்கிற, ஆனால் மன்னாரில் பிறந்தவரும் அப்படியே. குவைத்திலோ துபாயிலோ பிறந்த மதுரைப் பெற்றோரின் பிள்ளை, பிறந்த நாட்டின் கணக்கில் விண்ணப்பிக்கலாம். மாறாக, முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை இந்தியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அந்த நாட்டில் பிறக்காமலும், பிள்ளை பிறந்த நேரத்தில் அங்கே வதிவிடம் கொள்ளாமலும் இருந்தால் பெற்றோரின் நாட்டைக் கோரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. முகாம் வாழ்க்கையை வதிவிடம் என்று எடுப்பார்களா என்பது வாதத்துக்குரிய இடம். ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

இன்னொரு வழி, வாழ்க்கைத் துணையின் நாடு. திருச்சியில் பிறந்த கணவரும் திருகோணமலையில் பிறந்த மனைவியும் என்றால், கணவர் மனைவியின் நாட்டைக் கோரலாம். ஆனால் இருவருக்கும் விசா கிடைத்து, இருவரும் ஒன்றாக நாட்டுக்குள் நுழைய வேண்டும். மனைவியின் பெயரிலேயே விண்ணப்பித்துவிட்டால் சிக்கல் இன்னும் குறைவு.

படிப்பு: 12 வருடப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். நம் ஓ.எல். என்ற சாதாரணதரப் பரீட்சை 11-ஆம் வகுப்போடு முடிகிறது, அதனால் அது மட்டும் போதாது. ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தால் பயம் இல்லை. படிப்பு இல்லாவிட்டால், கடந்த ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருட வேலை அனுபவம் காட்டலாம். ஆனால் அந்த வேலை குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படும் வகையாக இருக்க வேண்டும், அதை அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் பட்டியலை வைத்து முடிவுசெய்வார்கள். கடை நடத்தினேன், லொறி ஓட்டினேன் என்பது அதில் ஏறாது. தகுதி இல்லாமல் பதிவு செய்தால் அந்த நேரம் யாரும் தடுக்கப் போவதில்லை. தூதரக நேர்முகத்தில் காசும் போய், விசாவும் இல்லாமல் திரும்பி வருவீர்கள்.

விண்ணப்பத்தை நிரப்புதல்

படிவம் சின்னது. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பல வருடம் இலவசமாக இருந்தது, 2025-ல் ஒரு டொலர் கட்டணம் விதித்தார்கள். ஒருவர் ஒரு விண்ணப்பம்தான் போடலாம். இரண்டு போட்டால் இரண்டும் போய்விடும், முகத்தை ஒப்பிடும் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். கணவனும் மனைவியும் தகுதியிருந்தால் தனித்தனியாகப் போட்டு, ஒருவர் மற்றவரைக் குடும்பமாகக் காட்டலாம். அது விதிக்குட்பட்டதுதான், வாய்ப்பு இரண்டு மடங்காகிறது.

கடவுச்சீட்டு இலக்கம் கட்டாயம் என்று 2019-ல் ஒரு விதி வந்தது. 2022-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025-ல் மறுபடி முன்மொழிந்தார்கள். இந்த இழுபறியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கடவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். வேறொரு நன்மையும் உண்டு: பெயரை எப்படி எழுதுவது என்ற தலையிடி தீரும். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டு என்று ஆளுக்கொரு கோலம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது இருக்கிறதோ அதையே படிவத்தின் குடும்பப் பெயரிலும், மற்றப் பெயர்களை மற்ற இடத்திலும், எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். ஒரே பெயர்தான் என்றால் அதற்கும் படிவத்தில் ஒரு தெரிவு இருக்கிறது.

படம்: 600-க்கு 600 பிக்சல், ஜேபெக் கோப்பு, 240 கிலோபைட்டுக்குள். வெள்ளை அல்லது வெள்ளைக்குக் கிட்டிய பின்னணி. கண்ணாடி போடக்கூடாது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். போன வருடப் படத்தையே மறுபடி போட்டால் தகுதி நீக்கம், இதில் சும்மா ஒரு கவனக்குறைவால் போனவர்கள் நிறைய. ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது குடும்ப விபரம். படிவத்தில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சட்டப்படி கணவன் மனைவி யார் என்பதை எழுதியே ஆக வேண்டும், கூடவே வருகிறாரா இல்லையா என்பது பொருட்டில்லை. 21 வயதுக்குக் குறைந்த, கல்யாணம் ஆகாத எல்லாப் பிள்ளைகளையும், முந்திய தாரத்துப் பிள்ளைகள், தத்தெடுத்தவர்கள் உட்பட, எழுத வேண்டும். ஒருவரை விட்டாலும் முழு விண்ணப்பமும் நேர்முகத்தில் விழுந்துவிடும். அமெரிக்கப் பிரசையாகவோ கிரீன் கார்ட் உள்ளவராகவோ இருக்கும் துணைக்கும் பிள்ளைக்கும், நீதிமன்ற ஆணைப்படி சட்டரீதியாகப் பிரிந்திருக்கும் துணைக்கும் மட்டும்தான் விலக்கு.

யாழ்ப்பாணப் பக்கம் எழுத்தை, அதாவது கல்யாணப் பதிவை, முதலில் முடித்துவிட்டுத் தாலிகட்டைப் பல மாதம் கழித்து வைப்பது வழக்கம். ‘கல்யாணம் இன்னும் ஆகவில்லைத்தானே’ என்று ஒரு பெடியன் தனியாள் என்று போட்டுவிடுவான். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து அவன் கல்யாணமானவன். அமெரிக்கத் தூதரகம் பதிவுச் சான்றிதழின் திகதியைத்தான் பார்க்கும். விண்ணப்பித்த பிறகு கல்யாணம் நடந்தாலோ பிள்ளை பிறந்தாலோ பிரச்சினை இல்லை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதற்குள் அது நடந்திருக்க வேண்டும்.

வேறு யாராவது நிரப்பினாலும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். பக்கத்தில் இருந்து பாருங்கள். கடைசியில் வரும் உறுதிப்படுத்தல் பக்கத்தை அச்செடுத்து, போனிலும் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். அந்த இலக்கம் இல்லாமல் முடிவைப் பார்க்க முடியாது. இலக்கம் தொலைந்தால் பெயர், பிறந்த திகதி, பதிந்த மின்னஞ்சல் ஆகியவற்றை வைத்து மீட்கலாம். ஆனால் மின்னஞ்சல் கடைக்காரருடையது என்றால் அந்தக் கதவும் பூட்டு. இலக்கத்தைப் பிணையாக வைத்துப் பல இலட்சம் கேட்பதும், தெரியாத ஒருவரை மனைவியாகவோ கணவனாகவோ சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் இந்தத் தொழிலில் நடக்கிறது. அப்படிப் பொய்க் கல்யாணம் காட்டிப் பிடிபட்டால் பிறகு அமெரிக்க விசா வாழ்நாள் முழுவதும் மறுக்கப்படலாம்.

மே மாதம்

ஒரு கணக்குக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். லொத்தரின் பெயரில் உள்ள ஆண்டு, விசா கொடுக்கும் நிதியாண்டு. 2025 லொத்தருக்கு 2023 ஒக்டோபரில் பதிந்தார்கள், 2024 மே மாதம் முடிவு வந்தது, 2024 ஒக்டோபர் 1 முதல் 2025 செப்டெம்பர் 30 வரை விசா கொடுத்தார்கள்.

முடிவை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். ‘வாழ்த்துக்கள், நீங்கள் வென்றுவிட்டீர்கள், காசு அனுப்புங்கள்’ என்று கடிதமோ மின்னஞ்சலோ வந்தால் அது மோசடி. தேர்வாகாவிட்டாலும் இலக்கத்தை எறிந்துவிட வேண்டாம், அடுத்த வருடம் செப்டெம்பர் வரை பார்க்க முடியும்.

தேர்வானால் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிப் பாயாசம் வைப்பதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 லொத்தருக்குச் சுமார் இரண்டு கோடி விண்ணப்பங்கள். தேர்வானவர்கள் குடும்பத்தோடு சேர்த்து ஏறத்தாழ 1,31,000. விசாவோ ஐம்பதாயிரத்துச் சொச்சம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் இத்தனை பேரைத் தெரிவு செய்கிறார்கள், சிலர் படிவம் நிரப்ப மாட்டார்கள், சிலர் தகுதியில் விழுவார்கள் என்ற கணக்கில்.

உங்களுடைய இடம் எங்கே என்பதை வழக்கு இலக்கம் சொல்லும். ஆண்டு, பிறகு பிராந்தியம், ஆசியாவுக்கு ஏஎஸ், பிறகு எண். வெளியுறவுத் திணைக்களம் மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒன்று வெளியிடும். அதில் ஆசியாவுக்கு 6,000 என்று போட்டிருந்தால், 6,000-க்குக் கீழ் இலக்கம் உள்ளவர்களை அந்த மாதம் நேர்முகத்துக்கு எடுக்கலாம் என்று அர்த்தம். சின்ன இலக்கம் என்றால் நல்லது. பெரிய இலக்கக்காரர்கள் ஓகஸ்ட், செப்டெம்பர் வரை காத்திருந்து, சில வருடம் கடைசி வரை அழைப்பே வராமல் போவதும் உண்டு. செப்டெம்பர் 30 நள்ளிரவோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வருடத்துக்கு மாற்ற முடியாது, மேன்முறையீடு இல்லை. கொரோனாக் காலத்தில் தூதரகங்கள் மூடியதால் இழந்தவர்கள் கூட்டமாக வழக்குப் போட வேண்டியதாயிற்று.

டிஎஸ்-260

தேர்வானதும் நிரப்ப வேண்டிய பெரிய படிவம் இது. ஒன்லைனில் நிரப்பினால் கென்டக்கி மாநிலத்தில் உள்ள தூதரகச் சேவை மையத்துக்குப் போகும். அதை ஆறுதலாக, உண்மையாக நிரப்புவதுதான் முழு வேலையிலும் பாரமான பகுதி.

16 வயதிலிருந்து வாழ்ந்த முகவரிகள் எல்லாம் கேட்பார்கள். ஒரு ஊரில் பிறந்து அங்கேயே இருப்பவருக்கு அது ஒரு வரி. வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து, மாத்தளன் வரை போய், செட்டிக்குளம் முகாமில் இருந்து, பிறகு உறவினர் வீட்டில் ஒண்டியவருக்கு ஒரு பக்கம் ஆகும். வீட்டில் பெரியவர்களோடு இருந்து மாதம் வருடம் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு படிவத்துக்கு வாருங்கள். முகாம் என்றால் முகாமின் பெயர், மாவட்டம். சரியான திகதி நினைவில்லை என்றால் கிட்டிய மாதத்தைப் போட்டு, நேர்முகத்தில் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்தது கூச்சப்படாமல் பேச வேண்டியது. விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997-ல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. ஆதரவு கொடுத்தீர்களா, பயிற்சி பெற்றீர்களா என்று படிவத்தில் கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் ஆதரவு என்பது மிக விரிவானது. வரி கட்டியது, சாப்பாடு கொடுத்தது, பதுங்குகுழி வெட்டியது கூட, கட்டாயத்தின் பேரில் செய்திருந்தாலும், அதற்குள் வரலாம். வற்புறுத்தலால் செய்தவர்களுக்கு விலக்களிக்கும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் காலம் எடுக்கும், லொத்தருக்கோ செப்டெம்பர் 30 தான் எல்லை. வன்னியில் வாழ்ந்த பலருக்கு இது பொருந்தும் என்பதால், ‘இல்லை என்று போட்டுவிடு’ என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். பொய் சொன்னது பிறகு தெரிந்தால் பிரசாவுரிமை வாங்கிய பின்னும் அதைப் பறிக்க முடியும். இந்த விசயம் உங்கள் வாழ்க்கையில் இருந்தால் படிவத்தை அனுப்புவதற்கு முன் அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவருக்குச் செலவழியுங்கள். முழு வேலையிலும் காசு கொடுத்து உதவி வாங்க வேண்டிய இடம் என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான்.

வேலைக்கும் வரிக்கும் தேவைப்படும் இலக்கம் உள்ள சோசல் செக்யூரிட்டி அட்டை வேண்டுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். ஆம் என்று போட்டுவிடுங்கள், வந்த பிறகு ஒரு அலைச்சல் மிச்சம்.

ஆவணங்களும் நேர்முகமும்

அழைப்பு வரும்வரை காத்திராமல் சேர்க்கத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, விவாகரத்துத் தீர்ப்பு இருந்தால் அதுவும். பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு. அந்த நேரத்தில் பெயரின் எழுத்துக்கூட்டைக் கடவுச்சீட்டுப்படி போடச் சொல்லுங்கள், அவர் தன் விருப்பப்படி போட்டுவிட்டால் பிறகு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். போரில் பதிவேடு அழிந்து பிறப்புப் பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்ற அத்தாட்சியோடு பாடசாலைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு போன்றவற்றைச் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

ஏ.எல். பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் இருந்து எடுங்கள். பொலிஸ் நற்சான்றிதழ் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும். கட்டாரிலோ சவூதியிலோ ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். வளைகுடாவில் இருந்து திரும்பி வந்த பிறகு அதை எடுப்பது பெரிய இழுபறி, அதனால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை தூதரகம் பெயர் குறிப்பிட்ட வைத்தியரிடம் மட்டும். நெஞ்சுப் படம், இரத்தப் பரிசோதனை, தடுப்பூசிகள். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை இருந்தால் கொண்டுபோங்கள், ஊசிச் செலவு குறையும். காசநோய்ச் சந்தேகம் வந்து சளிப் பரிசோதனை செய்தால் அதுவே இரண்டு மாதம் எடுக்கலாம். நேர்முகத் திகதி கிடைத்த உடனே பரிசோதனைக்குப் பதியச் சொல்வது அதனால்தான்.

நேர்முகம் இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தூதரகத்தில். ஆளுக்கு 330 டொலர், குழந்தைக்கும் அதேதான், விசா மறுத்தாலும் திரும்பாது. கேள்விகள் பெரும்பாலும் படிவத்தில் உள்ளவைதான்: என்ன படித்தீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்யப் போகிறீர்கள், எப்படிச் சமாளிப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு வங்கிக் கணக்கு, காணி உறுதி, வேலை அனுபவம் காட்டலாம். அமெரிக்காவில் உறவினர் இருந்தால் ஐ-134 என்ற ஆதரவுப் படிவம் நிரப்பித் தருவார். தமிழிலேயே பேசலாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும்.

கடவுச்சீட்டில் விசா ஒட்டி கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், காணியை விற்காதீர்கள், நகையை அடகு வைத்து டிக்கெட் போடாதீர்கள். மேலதிகப் பரிசீலனை என்று ஒரு கடதாசி தந்து அனுப்பினால் அது வாரங்களும் எடுக்கும், மாதங்களும் எடுக்கும்.

புறப்படும் முன்

விசா ஆறு மாதம் வரை செல்லும், மருத்துவ அறிக்கை முந்தி முடிந்தால் அதுவரைதான். அதற்குள் நுழைய வேண்டும். தேர்வானவர் முதலில் போகலாம், அல்லது எல்லாரும் சேர்ந்து போகலாம். மனைவி பிள்ளைகளை முன்னால் அனுப்ப முடியாது. தூதரகம் மூடிய உறை தந்தால் பிரிக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். ஆளுக்கு 235 டொலர் குடிவரவுக் கட்டணத்தை ஒன்லைனில் கட்டிவிட்டுப் புறப்படுங்கள், அதைக் கட்டும்வரை அட்டை அச்சாகாது. நாலு பேர் குடும்பம் என்றால் நேர்முகக் கட்டணமும் இதுவும் மட்டுமே 2,260 டொலர். பரிசோதனை, டிக்கெட், முதல் சில மாத வாடகை எல்லாம் தனி.

பத்தாயிரம் டொலருக்கு மேல் காசு கொண்டுபோனால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம். இறைச்சி, பழம், செடி வேண்டாம். மிளகாய்த்தூள், வறுத்த மா, கருவாடு பெரும்பாலும் போகும், ஆனால் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றே சொல்லுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பாடசாலை அறிக்கைகள், எல்லாச் சான்றிதழ்களின் மூலப்பிரதி கைப்பையில்.

இறங்கியதும்

முதல் விமான நிலையத்திலேயே குடிவரவு முடியும். வேறு நகரத்துக்கு மாற வேண்டியிருந்தால் மூன்று மணித்தியாலமாவது இடைவெளி வைத்து டிக்கெட் எடுங்கள், புதிய குடிவரவாளர்களைத் தனி அறையில் இருத்துவது வழக்கம். அட்டை எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதை அதிகாரியிடம் உறுதிப்படுத்துங்கள். விசாவில் முத்திரை குத்தித் தருவார். அந்தப் பக்கமே ஒரு வருடத்துக்கு உங்கள் கிரீன் கார்ட். அடுத்த நாளே வேலைக்குப் போகலாம், சட்டத்தில் தடை இல்லை.

அட்டை தபாலில் வர மூன்று மாதம் வரை ஆகலாம். உறவினர் வீட்டில் தங்குபவர்கள் அந்த வீட்டுத் தபால்பெட்டியில் தங்கள் பெயரையும் ஒட்ட வேண்டும். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடிவரவுச் சேவைக்கு அறிவிக்க வேண்டும்.

சோசல் செக்யூரிட்டி அட்டை மூன்று வாரத்துக்குள் வராவிட்டால் கடவுச்சீட்டோடு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போங்கள். அந்த இலக்கம் வந்தால்தான் மற்றதெல்லாம் நகரும். வங்கிக் கணக்கு, பிறகு வைப்புப் பணம் கட்டி எடுக்கும் கிரெடிட் கார்ட். அதில் மாதம் கொஞ்சம் செலவழித்து முழுவதையும் கட்டி வந்தால் கடன் வரலாறு உருவாகும். அது இல்லாமல் வாடகை வீடு எடுப்பதே கஷ்டம்.

மருத்துவக் காப்புறுதியைப் பலர் தள்ளிப் போடுவார்கள். தள்ளக்கூடாதது இதுதான். வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அரசின் காப்புறுதிச் சந்தையில் சேரலாம். அந்தக் காலம் தப்பினால், வேலையிடத்தில் காப்புறுதி தராவிட்டால், வருடக் கடைசிச் சேர்க்கைக்காலம் வரை வெறுங்கையோடு இருக்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு இருந்தாலே ஊரில் இருந்து கொண்டுவந்த காசு முழுவதும் போய்விடும்.

18 முதல் 25 வயது வரையான ஆண்கள் படைச்சேவைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதியாமல் விட்டால் பிரசாவுரிமைக்குப் போகும்போது இடிக்கும். பிள்ளைகளுக்கு அரசுப் பாடசாலை இலவசம், வீட்டு முகவரி எந்தப் பாடசாலை என்று தீர்மானிக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயோர்க்கில் குடியேறி 30 நாளுக்குள் அந்த மாநிலத்தினுடையதை எடுக்கச் சொல்கிறார்கள். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே வீதியின் வலப்பக்கம், நாலு பாடம் எடுத்துவிட்டுச் சோதனைக்குப் போவது நல்லது.

அனுமதிப்பத்திரம் எடுக்கும் அலுவலகத்தில் ‘வாக்காளராகவும் பதியவா?’ என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று சொல்லுங்கள். கிரீன் கார்ட்காரர் வாக்காளராகப் பதிவது, தான் அமெரிக்கப் பிரசை என்று பொய் சொன்னதாக ஆகும். தெரியாமல் ஆம் போட்டு நாடுகடத்தல் வழக்கு வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே, என்ன வேலை?

தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் எல்லாரும் போவார்கள். அது சரிதான். நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் இலங்கைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. குயீன்சில் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் 1977-லிருந்து நிற்கிறது, அதன் கீழ்த்தளக் கன்ரீனில் தோசை சாப்பிடப் போன இடத்தில் வேலை விசாரிப்பவர்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே வாடகை உயர்வு. ஒரு வருடம் பழகிவிட்டு வாடகை குறைந்த மாநிலத்துக்கு நகர்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஊரில் ஆசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ இருந்தவர் இங்கே முதலில் பெற்றோல் நிலையத்திலோ களஞ்சியத்திலோ நிற்க வேண்டி வரலாம். வந்த வாரத்திலேயே பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள், அது வர நாளெடுக்கும். தாதியர், கணக்காளர், பொறியியலாளர் போன்றவர்களுக்கு மாநில அனுமதி எப்படி என்று புறப்படும் முன்பே பார்த்தால், ஊரில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய கடிதங்களை எடுத்து வரலாம். பல்கலைக்கழகத்தில் இருந்து முத்திரையிட்ட பெறுபேற்றுப் பத்திரத்தை அமெரிக்காவில் இருந்துகொண்டு எடுக்கப் போனால்தான் அருமை தெரியும்.

கனடா ஆசை

நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு பொறி இது. அண்ணன் கனடாவின் ஸ்கார்பரோவில், மாமி மார்க்கம் நகரத்தில். கிரீன் கார்டும் கடவுச்சீட்டும் இருந்தால் கனடாவுக்கு விசா இல்லாமலே போய்வரலாம், அது பெரிய வசதி. கல்யாணம், கோயில் திருவிழா என்று போங்கள். ஆனால் அங்கேயே தங்கி, காசுக்கு வேலையும் செய்து, எப்போதாவது எல்லையைத் தாண்டி வந்தால் அமெரிக்க வதிவிடத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இலங்கைக்குப் போய் இருப்பதும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பிரசாவுரிமைக்கான தொடர் வதிவிடம் கேள்விக்குள்ளாகும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால், புறப்படும் முன்பே மீள்நுழைவு அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

வரி விசயமும் இதோடு சேர்ந்தது. ஒவ்வொரு ஏப்ரல் நடுப்பகுதியிலும் வரி அறிக்கை, அதில் ஊர் வீட்டு வாடகை, நிலையான வைப்பு வட்டி எல்லாம் அடங்கும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது பத்தாயிரம் டொலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. ஊரில் காணி விற்ற காசு வங்கியில் கிடந்தால் இது உங்களுக்கும்தான்.

ஐந்து வருடம் முடிய 90 நாளுக்கு முன்பே பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்ட் வைத்திருப்பவர் கணவனையோ மனைவியையோ, கல்யாணமாகாத பிள்ளைகளையோதான் கூப்பிடலாம், அதற்கும் வரிசை உண்டு. அம்மா அப்பாவைக் கூப்பிடப் பிரசையாக வேண்டும். பிரசையானால் பெற்றோருக்கு வரிசை இல்லை. சகோதரங்களுக்கு உண்டு, பத்து வருடத்தைத் தாராளமாகத் தாண்டும். தங்கச்சிக்கு ஏ.எல். சித்தி இருந்தால், லொத்தர் பதிவு அடுத்தமுறை திறக்கும்போது அவள் தன் பெயரிலேயே போடட்டும்.